ஒரு நாளைக்கு ரெண்டு ராகுகாலம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. போனையெல்லாம் கவுத்து வச்சிட்டு உக்காருங்க, டிங்குன்னு சத்தம் கேட்டாலும் கதை முடியிற வரைக்கும் ஒருத்தரும் திருப்பிப் பாக்கக் கூடாது, ஏன்னா இது அந்த டிங்குங்கிற சத்தம் பத்தொன்பது நாள் எங்க ஊரை விட்டே போயிருந்த கதை.

திருநெல்வேலிக்கு வடக்கே, நாலுவழிச் சாலையோரத்தில், நீலக் கண்ணாடி ஒட்டின மூணு மாடிக் கட்டடத்தில் சேதிமணி என்று ஒரு கம்பெனி இருந்தது. ஊரில் யார் யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் அதை வாங்கிப் போனுக்கு அனுப்புவது அவர்கள் பிழைப்பு. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்தாச்சு, மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், ஆடித் தள்ளுபடி, அத்தை மகளுக்குப் பிறந்தநாள், எல்லாம் அந்த மூணாவது மாடியில் ஒரு குளுகுளு அறைக்குள் இருக்கிற இரும்பு அலமாரி வழியாகத்தான் போகும். அலமாரி என்று நான் சொல்கிறேன், அவர்கள் சர்வர் என்பார்கள்.

அந்தச் சர்வர் புதுசாக வந்தபோது அதற்குத் திறப்பு விழா வைத்தார்கள். முதலாளி குற்றாலநாதனுக்கு நாள் நட்சத்திரம் பார்க்காமல் தும்மல்கூட வராது. தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்படி இறங்குவார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ரிப்பன் வெட்டுவதாகக் கல்வெட்டே வெட்டி முடித்துவிட்டார்கள். ஆனால் அவர் வந்த விமானத்துக்குக் காலண்டர் வாசிக்கத் தெரியவில்லை, அது தூத்துக்குடியில் இறங்கும்போதே பத்தரை. அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது மணி பதினொன்று பத்து. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம் என்பது எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும்.

முதலாளி கத்தரிக்கோலோடு நின்றார். சூடத்தட்டோடு நின்றாள் உலகம்மாள். அந்த ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள். அஞ்சாங்கிளாஸ் படித்தவள், எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் பத்து வருஷம் மருந்துக்கடையில் டப்பா அடுக்கினதால் எண்ணில் மட்டும் பிசகே வராது.

"ஜெபசிங், அந்த மிஷினுக்குள்ள மணி என்ன காட்டுது?" என்றார் முதலாளி.

ஜெபசிங் பெரிய இன்ஜினியர், அந்த மாடியிலேயே அதிகம் படித்தவன். "பதினொண்ணு பத்து சார்."

"ஒம்போது இருபதுன்னு வை. ராகு மனுசனுக்குத்தான் மனுசன் கடிகாரம் பாப்பார். மிஷினுக்கு மிஷினோட நேரம்தான நேரம்?"

அதிகம் படித்தவன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். வெளியூர்க் கடிகாரத்தைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிற வழி ஒன்று அந்தச் சர்வருக்கு உண்டாம், அதை அடைத்துவிட்டு, முள்ளைப் பின்னால் தள்ளி, ஒன்பது இருபதாக்கி, ரிப்பன் வெட்டி, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, லட்டு தின்று கலைந்தார்கள்.

அன்று மத்தியானம் சேதிகள் வெளியே வந்தன.

குளுகுளு அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. இடுப்பு உயரம் இருக்கும், பப்படம் போல மெலிசாக, கழுத்தில் போன் நம்பர் எழுதின அட்டையோடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் படியில் வரிசை கட்டி நின்றன. மேலே மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறதாம், எல்லாச் சேதியும் அந்த வாசலைத் தாண்டித்தான் போனுக்கு இறங்க வேண்டுமாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மொத்த வரிசையும் மொட்டைமாடி வழியாக அந்த வாசலுக்கு ஓடும், போன வேகத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அவரவர் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

வாட்ச்மேன் ஒன்றும் பதறவில்லை. வந்தது யாராக இருந்தாலும் நோட்டில் எழுத வேண்டும் என்பது அவருக்கு இட்ட உத்தரவு, அதனால் நாற்பது வரைக்கும் எழுதினார், அப்புறம் கை வலிக்கிறது என்று இன்னொரு நோட்டு கேட்டு மனுப் போட்டார். மூணாம் நாள் வரிசை கேட்டைத் தாண்டியது, அஞ்சாம் நாள் பெட்ரோல் பங்க்கைத் தொட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து கயிறு கட்டி, இடப்பக்கமாக நில்லுங்கள் என்று சேதிகளை அதட்டிவிட்டுப் போனார். டீக்கடை பிச்சுமணி, இதுகள் டீ குடிக்காது, ஆனால் டீ ஆத்துகிற ஆவியில் நிற்கப் பிரியப்படுகின்றன என்று கண்டுபிடித்து, வரிசை நகர நகரத் தன் தள்ளுவண்டியையும் நகர்த்தினான். மழை தூறிய அன்று எதிர்வீட்டுப் பெண்கள் வந்து எல்லாவற்றையும் துணி மடிப்பதுபோல மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெயில் வந்ததும் திரும்ப விரித்து நிறுத்தினார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தனித்தனியாக வரவேற்புப் பேனர் கட்டினார்கள்.

வரிசை என்று ஒன்று இருந்தால் அதற்குள் மனுஷப் புத்தியும் வந்துவிடும் இல்லையா. நகைக்கடைத் தள்ளுபடிச் சேதிகள் தொந்தியும் ஜிகினாச் சட்டையுமாக இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றன. ரத்தம் வேணும் என்று வந்த சேதி ஒன்று, எலும்பும் தோலுமாக, எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டுப் பெட்ரோல் பங்க் வரைக்கும் பின்னால் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் கழுத்து அட்டையைப் பார்த்துத் தங்கள் சேதியைத் தேட ஆரம்பித்தார்கள். கண்டுபிடித்து என்ன செய்ய? போனுக்குள் இறங்காத சேதி வாய் திறக்காது. மேலப்பாளையத்து ரஹமத் பீவி, துபாயில் இருக்கிற மகன் அனுப்பினதுதான் என்று ஒன்றை வீட்டுக்கு அழைத்துப்போய் எட்டு நாள் பாயாசமும் இடியாப்பமுமாகப் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் சரியான பிறகு பார்த்தால், அது நெட் பேக் முடியப்போகிறது என்று சொல்ல வந்தது. சிரித்த முகமாக நின்றால் நல்ல சேதி, குனிந்து நின்றால் கெட்ட சேதி என்று பலன் சொல்ல ஒரு கிளி ஜோசியர் பங்க் ஓரத்தில் குடை நட்டார். அவர் கிளி மட்டும்தான் அந்த ஊரிலேயே சேதிகளைப் பார்த்துப் பயந்தது.

கம்பெனிக்குள் கூட்டம் நடந்தது. தினம் காலையில் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேச மத்தியானம் ஒரு கூட்டம். சர்வரை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் மூணு நாள் டிவிக்குள் உட்கார்ந்துகொண்டு, கனெக்‌ஷன் பிரச்சினை, கனெக்‌ஷன் பிரச்சினை என்று சொன்னார். கனெக்‌ஷன் ஆளைக் கூப்பிட்டால் அவன் கேபிள்காரனைக் கை காட்டினான், கேபிள்காரன் கரண்டைக் கை காட்டினான், கரண்டு ஆபீஸ்காரர் அண்ணாந்து பார்த்து, வாசலில் நின்ற வாகைமரத்தைக் கை காட்டினார். மரத்துக்குக் கை காட்ட ஆள் இல்லாததால் மரத்தை வெட்டினார்கள். அப்புறம் வாஸ்துக்காரர் வந்து, சர்வரின் முகம் தெற்கே பார்க்கிறது என்று திருப்பி வைத்தார். அதற்கு முகம் எந்தப் பக்கம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

இதெல்லாம் நடக்க நடக்க உலகம்மாள் கூட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், கோமதி. நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டுக் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக நின்றவள். இடம் காலியானால் போனுக்குச் சேதி வரும், வருகிற புதன்கிழமை அஞ்சு மணிக்குள் நேரில் வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் இடம் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று கல்லூரி ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் போனால் கோமதியைத் தன் தங்கச்சி மகனுக்குக் கட்டிவைக்க உலகம்மாள் புருஷன் வெத்திலை மாற்றத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை. படி கூட்டிக்கொண்டு வந்தவள் பதினாலாவது படியில் விளக்கமாற்றை நிறுத்தினாள். வெள்ளைவெளேர் என்று கஞ்சி போட்ட உடுப்பும் மடித்துக் கட்டின சடையுமாக ஒரு சேதி நின்றது. கழுத்து அட்டையில் கோமதியின் நம்பர்.

"ஏட்டி, நீ எங்க வீட்டுப் பிள்ளைக்கா வந்திருக்க?" என்றாள்.

சேதி தலையை மட்டும் ஆட்டியது.

"இடம் கெடச்சிருக்கா இல்லையா, அதையாச்சும் தலையாட்டிச் சொல்லேன்."

அதற்கு ஆட்டவில்லை. சேதிகளுக்கு ஒழுக்கம் ஜாஸ்தி.

உலகம்மாள் யோசிக்கவே இல்லை, மத்தியானம் வேலை முடிந்ததும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தான். "எக்கா, இதுக்கு அரை டிக்கெட் போடணும்லா."

"ஏம்டே, பேப்பருக்கு டிக்கெட் போடுவியாக்கும்? அப்ப உன் கைல இருக்க டிக்கெட்டுக்கு யாரு டிக்கெட் எடுத்தா?"

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போனான்.

அஞ்சு நிமிஷம் ஆனதும் சேதிக்குப் பொறுக்கவில்லை. சீட்டை விட்டு எழுந்து ஜன்னல் வழியாக மேலே போனது, பஸ் அடுத்த நிறுத்தம் போகிறதற்குள் மூச்சு வாங்கத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. பாவமே என்று முதுகைத் தடவிக் கொடுத்தவள் கையில் சிவப்பு மை ஒட்டியது. சேதிகளின் முதுகில் சிவப்பாக ஏதோ அப்பியிருப்பதைக் கூட்டும்போது தினம் பார்த்திருக்கிறாள், திறப்பு விழாக் குங்குமம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தும் பார்த்திருக்கிறாள். படித்தவர்கள் எல்லாரும் சேதிகளுக்கு முன்னால் நின்று முகத்தையே பார்த்தார்கள். பின்னால் போகிறவள் கூட்டுகிறவள் ஒருத்திதான்.

இப்போது எழுத்துக் கூட்டி வாசித்தாள். முத்திரை. மேகத்து வாசல்காரன் குத்தி அனுப்பின முத்திரை. "உன் நேரம் 12.35. என் நேரம் 2.25. நேரம் தவறி வருகிறவருக்கு வழி இல்லை." அதற்குக் கீழே அதேபோல இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று, முதுகு முழுக்க அதே பதில்தான்.

டிரைவர் தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ரெண்டு இருபத்தஞ்சு. இடையில் எவ்வளவு என்று விரலை மடக்கினாள். ஒரு மணி அம்பது நிமிஷம். ஒன்பது இருபதுக்கும் பதினொன்று பத்துக்கும் இடையில் இருக்கிற அதே ஒரு மணி அம்பது நிமிஷம். "அட நாசமாப் போவானுவளா," என்றாள். பக்கத்துச் சீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று தள்ளி உட்கார்ந்தார்.

கல்லூரி ஆபீஸ் கிளார்க் சேதியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏம்மா, இது போன்ல வந்திருக்கணும்."

"சேதியே நேர்ல வந்திருக்கு சார். இந்தா நிக்கி."

"நிக்கிறது எனக்கும் தெரியுது. டிங்குன்னு வந்துச்சா? டிங்குன்னு வந்தாத்தான் வந்ததா அர்த்தம்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா, சொல்லிருங்களேன்."

"லிஸ்ட் மெட்ராஸ்ல இருக்கு. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டயம். கெளம்புங்க, எனக்கு நேரமாச்சு," என்று சுவரைக் காட்டினார். சுவர்க் கடிகாரம் வெளியுலகத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் தள்ளி வைத்ததாம். அதனால் ஆட்கள் சீக்கிரம் வந்தார்களோ என்னவோ, சீக்கிரம் போனார்கள்.

புதன்கிழமை காலையில் உலகம்மாள் ஜெபசிங்கை டீக்கடையில் ஓரங்கட்டினாள். "தம்பி, மிஷின் மணிய நேரா வச்சிருங்க. எல்லாம் சரியாயிரும்."

ஜெபசிங் நாலா பக்கமும் பார்த்தான். "எக்கா, மெல்லப் பேசுங்க. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா மரத்த வெட்டுனிய?"

"மணிய நேரா வச்சா திறப்பு விழா ராகுகாலத்துல நடந்ததா ஆயிரும்லா. மொதலாளிட்ட யார் போய்ச் சொல்ல? எனக்கு அடுத்த மாசம் பிரமோஷன் வருதுக்கா."

பத்தொன்பது நாளாக ஒரு ஊரே வாயடைத்து நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உலகம்மாள் அவனைத் திட்டவில்லை. மூளை இருக்கிற இடத்தில் முதுகெலும்பும் இருக்க வேண்டும் என்று கடவுள் எங்கேயும் எழுதித் தரவில்லையே.

புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அந்த நேரத்தில் முதலாளி எதையும் தொட மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் பொம்மைபோல இருப்பார். ஒன்றரை அடித்ததும் கண்ணைத் திறந்து மணி அடித்தார். ஒன்று முப்பத்தஞ்சுக்கு உலகம்மாள் டீயோடு உள்ளே போனாள். டீயை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"என்ன உலகம்மா?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. நீங்க கண்ணத் தொறந்துட்டியளேன்னு பாத்தேன்."

"ராகுகாலம் முடிஞ்சிட்டுல்லா."

"நமக்கு முடிஞ்சிட்டு. உள்ள இருக்குல்லா, அதுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

முதலாளி டீயை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"மிஷினுக்கு மிஷினோட நேரம்தான நேரம், நீங்கதான சொன்னிய? அதுக்கு இப்ப மணி பதினொண்ணே முக்கா. நமக்கு முடிஞ்சு நாம எந்திரிக்கையில அது போய் ராகுகாலத்துல உக்காருது. நேத்தும் அப்படித்தான், அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரு நாளைக்கு ஒரு ராகுகாலம். நம்ம கம்பெனிக்கு மட்டும் ரெண்டு, மொதலாளி."

குற்றாலநாதன் டீயைக் கீழே வைத்தார். "அதான்," என்றார், "அதான் மத்தியானத்துக்கு மேல எனக்கு எதுவுமே வெளங்கல." சட்டைப்பையிலிருந்து காலண்டர்த் தாளை எடுத்துப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மணிய மாத்திரலாம். ஆனா திறப்பு விழா?"

"அது ஒம்போது இருபதுக்கு நடந்தது நடந்ததுதான். கல்லுலயே வெட்டியிருக்கு, யாரு அழிக்கப் போறா? இப்ப அதுக்குப் பன்னெண்டு அடிக்க இன்னும் பத்து நிமிசம் கெடக்கு. அடிக்கதுக்கு ஒரு நிமிசம் இருக்கையில முள்ள ஒண்ணே முக்காலுக்கு மேல தள்ளி விட்டம்னா, ராகுகாலம் மொத்தத்தையும் மிஷின் ஒரே தாண்டாத் தாண்டிரும். ஒரு சொட்டு மேல படாது."

ராகுகாலத்தைத் தாண்டிக் குதித்த முதலாளி என்று ஒருவன் மூவேந்தர் காலத்திலிருந்து இருந்ததில்லை. குற்றாலநாதன் எழுந்தார். "ஜெபசிங்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற சேதிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மொத்த ஆபீஸும் குளுகுளு அறையில் கூடி, ஒருவர் தேங்காயைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, ராக்கெட் விடுகிறவர்கள்போல எண்ணினார்கள். சர்வரில் பதினொன்று அம்பத்தொன்பது ஆனபோது ஜெபசிங் தட்டினான். ஒன்று நாற்பத்தொன்பது.

வரிசை மொத்தமும் மொட்டைமாடிக்கு ஓடியது. திரும்பி வரவில்லை.

அப்புறம் கேட்டது பாருங்கள் ஒரு டிங்கு. ஒரு டிங்கு இல்லை, பத்தொன்பது நாள் டிங்கு, ஒரே மூச்சில், ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுந்தமாதிரி. எப்போதோ வந்து எப்போதோ நின்ற தண்ணீரைப் பிடிக்கக் குடத்தோடு ஓடினார்கள், எப்போதோ காய்ந்த மழைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தார்கள், முடிந்துபோன தள்ளுபடிக்கு நகைக்கடை வாசலில் இடித்துக்கொண்டார்கள். ரத்தம் கேட்டு வந்த சேதியும் எல்லாருக்கும் கடைசியாக இறங்கியது, பதினாறு பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், அங்கே அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அதற்கு யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. வாகைமரத்தை வெட்டியதால் கோளாறு நீங்கியது என்று ஜெபசிங் பத்துப் பக்கம் எழுதிக்கொடுத்துப் பிரமோஷனும் வாங்கினான்.

இதையெல்லாம் பார்க்க உலகம்மாள் அங்கே இல்லை. காலையிலிருந்தே கம்பெனி வாசலில் காத்திருந்த கோமதியின் போனில் டிங் என்றதுமே மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். இடம் கிடைத்திருந்தது. ஆனால் அத்தனை பேரும் நடுரோட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. ஆத்தாளும் மகளும் வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்தே போய், ஆட்டோ பிடித்து, அது பாலத்தில் மாட்டி, மறுபடி இறங்கி ஓடி, ஆபீஸ் படியேறினபோது கிளார்க் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், டிங்குன்னு வந்துட்டு சார்," என்று கோமதி போனை நீட்டினாள்.

கிளார்க் வாங்கிப் பார்த்தார். "வாஸ்தவம்தான். ஆனா மணி அஞ்சாயிட்டே," என்று சுவரைக் காட்டினார். சுவரில் அஞ்சு அடித்து மூணு நிமிஷம்.

"உங்க கையில இருக்க போனுலயே நாலு அம்பத்து மூணுன்னு போட்டிருக்கு சார்," என்றாள் கோமதி.

"போன்ல ஆயிரம் இருக்கும்மா. இந்த ஆபீஸுக்கு அந்தக் கடிகாரம்தான் நேரம்."

உலகம்மாள் நேரே போய், கிளார்க் உட்காரும் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்து, முதுகில் இருந்த திருகைப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் திருகி, திரும்ப மாட்டி, கோணலாகத் தொங்கினதை நேராக்கி, ஏறினது ஏறினோம் என்று சேலைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த தூசியையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.